ஒரு மைல் இருமல்

மம்பாவ்காரர்களுக்கு ஒரு மனக்குறை இருக்கும். இல்லையென்றால் இருக்க வேண்டும். உலகப் புகழ் எங்கள் வாசலுக்கு வராமல் பக்கத்து வட்டாரத்தில் போய் இறங்கிவிட்டது. மலேசியாவில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகிற பழைய சாலையில் மம்பாவ். அந்தப் பக்கமாக இன்னும் சில மைல் தள்ளிப் போனால், ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் இருந்த புக்கிட் பெலாண்டோக். அங்கே சுங்கை நிப்பா என்று ஒரு சின்னக் கம்பம். 1999-இல் அந்தக் கம்பத்து நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரில் பிடிபட்ட கிருமிக்குக் கம்பத்தின் பெயரையே சூட்டினார்கள். இன்றைக்கு நிப்பா என்று சொன்னால் ஜெனீவாவில் கூட்டம் போடுகிறார்கள், கோழிக்கோட்டில் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள். மம்பாவ் என்று சொன்னால், "அது மியன்மாரிலா இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

நோய்க்கு ஊர்ப்பெயர் வைப்பது பழைய அநியாயம். 1918-இல் உலகத்தையே படுக்கப் போட்ட இன்ஃபுளுவென்சாவுக்கு ஸ்பெயின் பெயர் ஒட்டிக்கொண்டது எப்படி? முதல் உலகச் சண்டையில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள், "எங்கள் ஊரில் காய்ச்சல்" என்று உள்ளதை உள்ளபடி அச்சடித்தன. சண்டை போட்ட நாடுகளின் பத்திரிகைகளுக்குத் தணிக்கைக்காரர்கள் வாய்ப்பூட்டுப் போட்டிருந்தார்கள். எல்லாரும்தான் இருமினார்கள், ஒப்புக்கொண்டவன் பேரில் கேஸ் பதிவாயிற்று. இனிமேல் ஊர்ப்பெயர், ஆள் பெயர், விலங்குப் பெயர் எதையும் நோய்க்கு வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல்தான் கேட்டுக்கொண்டது. சுங்கை நிப்பாவுக்கு அந்த ஞானம் பதினாறு வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அந்த 1918 காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. லயம் லயமாக ஆட்களைச் சாய்த்தது. அன்றைக்குத் தோட்டத்தில் நோயைக் கண்காணிக்க இருந்த அன்றாட ஏற்பாடு பெரட்டு. விடியுமுன் மணி அடிக்கும். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார். பதில் குரல் வந்தால் ஆரோக்கியம். வராவிட்டால் காய்ச்சல், இல்லையென்றால் கள்ளு. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரின் தலைவிதி. இந்த ஏற்பாட்டில் இருமலுக்கு இடமே கிடையாது. நெஞ்சு கிழிய இருமிக்கொண்டே "இருக்கேன் ஐயா" என்று சொன்னாலும் பேர் பதிவாகிவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரத்துக்குப் போகலாம். நின்றால் கூலி, படுத்தால் பூஜ்யம் என்ற கணக்குள்ள இடத்தில் எந்த இருமலும் தொண்டையைத் தாண்டி வெளியே வராது. தொரை மேசைக்குப் போகிற தாளில் "ஆள் குறைவு" என்று இருக்கும். ஏன் குறைவு என்று எழுத அந்தத் தாளில் பத்தி இல்லை.

சரி, கிராணி காலத்துக் கதை என்று தள்ளிவிடலாமா? முடியாது. எண்பது வருடம் கழித்து, கணினியும் ஆய்வுக்கூடமும் சுகாதார அமைச்சும் வந்த பிறகு, அதே நாடகத்தை இன்னும் பெரிய மேடையில் போட்டோம். இந்தத் தடவை இருமியது பன்றி.

1998 செப்டம்பர் மலேசியாவுக்கு மறக்க முடியாத மாதம். 2-ஆம் தேதி துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமின் பதவி பறிபோனது. அதே வாரத்தில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என்று நாணய மதிப்பை ஆணியடித்து உட்கார வைத்தார்கள். 11 முதல் 21 வரை கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள். முடித்து வைக்க எலிசபெத் ராணியே வந்தார். 20-ஆம் தேதி இரவு அன்வார் கைது. பத்திரிகைகளுக்குப் பக்கம் போதாமல் திண்டாட்டம். இந்தக் கூச்சலுக்கு நடுவில், மாதக் கடைசியில், பேராக்கில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளிலிருந்து ஆட்கள் காய்ச்சலும் தலைவலியுமாக மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். சிலருக்கு நினைவு தப்பியது. சிலர் வீடு திரும்பவில்லை.

மூளைக்காய்ச்சல், அதுவும் பன்றி இருக்கும் இடத்தில் என்றால் மருத்துவப் புத்தகம் ஒரே பதில்தான் சொல்லும்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பன்றி உடம்பில் அந்தக் கிருமி பெருகும், வயல்வெளிக் கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் தென்பட்டது. கேஸ் முடிந்தது. கொசு கைதானது.

கொசுவைப் பிடித்ததில் அதிசயமில்லை. மலாயாவில் அது பழைய கேடி. 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர் சதுப்பை வடித்து மலேரியாவை அடக்கினார்; அன்றிலிருந்து இந்த நாட்டின் பொதுச் சுகாதாரம் வளர்ந்ததே கொசுவைத் துரத்தித்தான். வாய்க்கால் வெட்டு, எண்ணெய் ஊற்று, கொய்னா கொடு, புகை போடு. நூறு வருடமாக ஒரே குற்றவாளியைப் பிடித்துப் பழகிய போலீஸ்காரருக்கு ஊரில் எந்தத் திருட்டு நடந்தாலும் கால் தானாக அந்த வீட்டுக்குத்தான் போகும். 

ஆகவே புகை போட்டார்கள். பண்ணை வட்டாரங்களில் காலையும் மாலையும் வெள்ளைப் புகை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கொசு செத்தது. ஆட்களும் தொடர்ந்து செத்தார்கள்.

கொசுவுக்கு மட்டும் ஒரு நல்ல வக்கீல் கிடைத்திருந்தால் ஒரே நாளில் விடுதலை வாங்கிக் கொடுத்திருப்பார். "கனம் நீதிபதி அவர்களே! என் கட்சிக்காரர் கொண்டுவரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும் என்று மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே படுத்திருப்பவர்களோ வளர்ந்த ஆண்கள். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், பன்றிக்குத் தீனி போட்டவர் விழுந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தவருக்கு ஒன்றுமில்லை. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்திருக்கிறார்கள். பன்றியைத் தொடுகிற சீனரும் இந்தியரும் படுக்கிறார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களை நோய் அநேகமாகத் தொடவில்லை. என் கட்சிக்காரர் கடிப்பதற்கு முன் யாரிடமும் ஐசி வாங்கிப் பார்க்கும் வழக்கம் இல்லை என்பதை இந்த மன்றத்தின் முன் பணிவுடன் வைக்கிறேன்."

இதில் ஒரு வாதமும் என் கற்பனை இல்லை. அத்தனையும் அன்றைக்கே கண்ணுக்கு முன்னால் கிடந்தது. சில மருத்துவர்கள் இதையெல்லாம் சுட்டிக்காட்டிப் புருவம் சுளிக்கவும் செய்தார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி பண்ணைக்குள்ளேயே நின்று கத்திக்கொண்டிருந்தது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்த பன்றி சாதாரணமாக நோஞ்சானாக இருக்காது. சினைப் பன்றிக்குக் கரு கலையும், அவ்வளவுதான். இந்தப் பன்றிகளோ மூச்சு இரைத்து, நாய் குரைப்பதைப் போலக் கரகரவென்று இருமின. அந்த இருமல் வெகு தூரத்துக்குக் கேட்டதால் அதற்கு "ஒரு மைல் இருமல்" என்றே பெயர் விழுந்தது. உலகத்தில் எந்த நாடாவது சுவாச நோய்க் கண்காணிப்புக்கு இதைவிடச் சத்தமான எச்சரிக்கை மணியைப் பெற்றிருக்குமா? சம்பளம் இல்லாமல், மேலதிக நேரப்படி கேட்காமல், இரவும் பகலும் பன்றிகள் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தன. பெற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. மனிதக் காய்ச்சல் சுகாதார அமைச்சின் கோப்பு. பன்றி இருமல் கால்நடைச் சேவைத் துறையின் கோப்பு. இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வருவதற்குள் கிருமி மாநில எல்லையைத் தாண்டிவிட்டது.

கால்நடைத் துறையை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. இருமிய பன்றிகளில் செத்தவை நூற்றுக்கு ஐந்தைத் தாண்டவில்லை. பெரிய பண்ணையில் பன்றிக்குச் சளி பிடிப்பது அன்றாடம். செத்தால்தானே செய்தி? இருமினால் என்ன செய்தி? நம் பெரட்டுக் களத்துச் சட்டம்தான் அங்கேயும்: நான்கு காலில் நின்றால் ஆரோக்கியம்.

பண்ணை முதலாளிகளான தவுக்கேமார்கள் தங்கள் வழியில் கண்காணித்துத் தங்கள் வழியில் நடவடிக்கையும் எடுத்தார்கள். நோய் வந்த பண்ணையில் பன்றியை வைத்திருப்பதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடுவது லாபம். பேராக்கிலிருந்து பன்றிகள் லாரி ஏறித் தெற்கே வந்தன. இப்படித்தான் கிருமி எங்கள் நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்தது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் முடிவு கட்டினார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை திறந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது, வழவழவென்ற சாலை. மனிதனை நிறுத்தி நெற்றியில் கை வைக்கவும் இல்லை, பன்றியை நிறுத்தி இருமச் சொல்லவும் இல்லை. அந்தப் பயணத்தை ஒழுங்காகப் பதிவு செய்த ஒரே அலுவலகம் டோல் சாவடிதான். அவர்களும் சக்கரத்தைத்தான் எண்ணினார்கள்.

1998 டிசம்பரில் சிரம்பானை ஒட்டிய சிக்காமாட்டில் ஆட்கள் விழுந்தார்கள். அடுத்து புக்கிட் பெலாண்டோக். அது சாதாரணப் பண்ணை ஊர் இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்று. மேலே மாமரமும் மற்றப் பழமரங்களும், கீழே கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் அடுத்த கொட்டகை. அங்கே நோய் புகுந்த பிறகு கணக்கு வேகமாக ஏறியது. பண்ணைகளில் நாய்களும் செத்தன. செத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பன்றிக் கொட்டகையில் வேலைக்கு இருந்த நம் ஆட்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் ரப்பரை வெட்டிச் செம்பனைக்கும், செம்பனையை வெட்டி வீடமைப்புக்கும் மாறிக்கொண்டிருந்தன. தோட்டம் கைவிட்டவன் கிடைத்த வேலைக்குப் போனான். எந்தக் கூலிக்கு எந்தக் கிருமி இலவசம் என்று வேலை கொடுப்பவரும் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே போவோம்.

1999 மார்ச் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளிகளிடமிருந்து எடுத்த முதுகுத்தண்டு நீரை ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில் விட்டுப் பார்த்தார். சில நாளில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிய கூழாகிவிட்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் கைவரிசை இப்படி இருக்காது. கிருமியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். போய் இறங்கியது கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கொசு, உண்ணி வழி நோய்களுக்கான ஆய்வுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. கொசுவின் சொந்த உயர்நீதிமன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது: இது பாராமிக்ஸோ வைரஸ், அதாவது தட்டம்மைக்கும் பொன்னுக்குவீங்கிக்கும் பங்காளி. கொசுவுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளைக் கொன்ற ஹென்ட்ரா வைரஸுக்குத்தான் நெருங்கிய சொந்தம். பரவுகிற வழி பன்றியின் மூச்சு, சளி, எச்சில்.

ஆறு மாதம் புகை குடித்த கொசு நிரபராதியாக வெளியே வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ் வேகம். அதுவரை பன்றி இருமுவதைக் கேட்காத அரசாங்கம், இப்போது இருமாத பன்றியையும் விடவில்லை. பாதுகாப்பு உடுப்பு மாட்டிய ராணுவம் இறங்கியது. ஏப்ரல் கடைசிக்குள் ஏறத்தாழ 9 லட்சம் பன்றிகள் சுட்டுப் புதைக்கப்பட்டன. பிறகு மிச்சமிருந்த பண்ணைகளில் ரத்தம் எடுத்துச் சோதித்து, கிருமி தெரிந்த 50 பண்ணைகளையும் காலி செய்தார்கள். மொத்தம் 10 லட்சத்துக்கு மேல். நாடு முழுக்க 1,885 ஆக இருந்த பன்றிப் பண்ணைகள் 829 ஆகச் சுருங்கின. புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்பு அத்தோடு சரி. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் போய்விட்டார்கள். மலேசியப் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் படுத்தார்கள், ஒருவர் இறந்தார்.

பன்றிக்கு யார் கொடுத்தது என்ற கேள்வி பாக்கி. விரல் மேலே, மரத்தைக் காட்டியது. பழந்தின்னி வௌவால். கொட்டகைக்கு மேலே மரம், மரத்தில் வௌவால், அது பாதி கடித்துப் போட்ட பழம் கீழே, கீழே எதையும் தின்னும் பன்றி. வௌவாலுக்கு இந்தக் கிருமியால் சளிகூடப் பிடிக்காது. சந்தேகம் சரி, நிரூபிக்க வேண்டுமே? சுவா காவ் பிங்கும் கூட்டாளிகளும் தியோமான் தீவுக்குப் போய், வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டு, மேலே இருப்பவை சிறுநீர் கழிக்கும்வரை காத்திருந்தார்கள். இதுதான் உயர்ந்த விஞ்ஞானம். பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க ஆசைப்படும் பெற்றோர் இந்த வரியை மறுபடியும் ஒருமுறை படித்துக்கொள்ளலாம். சிறுநீரிலும், வௌவால் கடித்துப் போட்ட ஒரு ஜம்பு ஆயரிலும் கிருமி கிடைத்தது. 2002-இல் வெளியிட்டார்கள். அதே தீவில் அதே வௌவால் சிறுநீரில் இன்னொரு புதுக் கிருமியும் அகப்பட்டது. அதற்குத் தியோமான் வைரஸ் என்று பெயர். மம்பாவுக்கு மறுபடியும் நாமம்.

கதை இன்னும் மோசமாகிறது. 2006-இல் மலாக்காவில் ஒருவருக்குக் கடும் காய்ச்சல், மூச்சுக்குழல் தொற்று. சில நாளில் பிள்ளைகளுக்கும் வந்தது. முந்தி மாதிரி இருந்திருந்தால் "ஃபுளூ" என்று எழுதிப் பனடோல் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இந்தத் தடவை கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள், வீட்டுக்காரரிடமும் பேச்சுக் கொடுத்தார்கள். நோய் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு வௌவால் வீட்டுக்குள் பறந்து வந்து சுற்றியது என்று அவர் சொன்னார். ரத்தச் சோதனை, நுண்ணோக்கி, மரபணு எல்லாம் இருந்தும், கதையின் முக்கால்வாசி அந்த ஒரு பேச்சில் கிடைத்தது. கிருமிக்கு மலாக்கா வைரஸ் என்று பெயர். அதே வருடம் பேராக்கில் கம்பார் வைரஸ். நிப்பா, தியோமான், மலாக்கா, கம்பார். சுற்றுலாத் துறைப் பட்டியல் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. எங்கள் ஊர் வௌவால்கள் மட்டும் ஒழுக்கமானவை போலிருக்கிறது.

கேட்கிற பழக்கம் எவ்வளவு மலிவான மருந்து என்பதற்குக் கோழிக்கோடு சாட்சி. 2018 மே மாதம் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஆட்கள் விழுந்தபோது, அங்கேயிருந்த டாக்டர்கள் இரண்டாவது நோயாளியிலேயே இது வேறென்று சந்தேகப்பட்டு மாதிரியை மணிப்பாலுக்கு அனுப்பினார்கள். சில நாளில் நிப்பா என்று பதில் வந்தது. அப்போதும் 17 பேர் இறந்தார்கள். ஆனால் யாரும் ஆறு மாதம் கொசுவுக்குப் புகை போட்டுக்கொண்டிருக்கவில்லை.

நாமும் கற்றுக்கொண்டோம், கற்றுக்கொள்ளாமல் இல்லை. கோவிட் தொற்றுக்காக 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பிறகு கடைகள் திறந்தபோது, கண்காணிப்பு நாடு முழுக்க வீதிக்கு இறங்கிவிட்டது. ஒட்டுக்கடை வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு துப்பாக்கி, ஒரு நோட்டுப் புத்தகம், நூலில் கட்டிய ஒரே பேனா. ஊரே தொட்ட அந்தப் பேனாவைத் தொட்டால்தான் தொற்றிலிருந்து தப்பலாம். துப்பாக்கி சிலருக்கு 34 டிகிரி காட்டும். மருத்துவக் கணக்கில் குளிரில் விறைத்துக்கொண்டிருக்க வேண்டிய ஆள், வியர்க்க வியர்க்க நின்று தே தாரிக் பொட்டலம் கேட்பார். மைசெஜாத்ரா செயலி வரும்வரை அந்த நோட்டுத்தான் சட்டம். பெயர், தொலைபேசி எண், உடல் சூடு. முதலில் வந்தவர் துப்பாக்கியைப் பார்த்து 36.5 என்று எழுதுவார். அடுத்தவர் அவர் எழுதியதைப் பார்த்து எழுதுவார். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறையும், பெயர் இருக்கும் இடத்தில் கையெழுத்து மட்டும் இருக்கும், சூடு மட்டும் மாறாது. காலையில் பசியாற வந்தவரிலிருந்து ராத்திரி கடை சாத்தும்போது சிகரெட் வாங்க வந்தவர் வரை, மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் 36.5. இந்த நாட்டு இனங்களுக்கிடையே இவ்வளவு ஒற்றுமையை எந்தப் பிரதமராலும் கொண்டுவர முடிந்ததில்லை.